ரக்பி வீரர் எரிக் லிடெல்

உலகில் வீரர் எனப் பெயர் பெற்றார் பலர். வாளேந்திப் பகைவரை வென்றாரும் வீரரே. நாவன்மையால் அவையை வென்றாரும் வீரரே. ஆடுகளத்தில் உடல்வன்மையும் விரைவும் காட்டிக் காண்போர் கைகொட்டி ஆர்க்கப் புகழ்கொண்டாரும் வீரரே. ஆயினும், கைக்கு வந்த புகழைத் தாமே நெகிழவிட்டு, பிறர் கண் காணாத இடத்திற் பிறர்க்கென உழைத்து மாய்ந்தார் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர், ஸ்காட்லாந்து நாட்டு ரக்பி வீரரும் ஒலிம்பிக் ஓட்ட வீரருமாகிய எரிக் ஹென்றி லிடெல் என்பார். அவரது சரிதம் விளையாட்டை விரும்பும் மாணவர்க்கும், விளையாட்டினாற் படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோர்க்கும் ஒருங்கே பயன்படும் எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண் ரக்பி என்னும் ஆட்டத்தைப்பற்றிச் சில கூறுதல் வேண்டும். பூவிருந்தவல்லியிலும் கரையான்சாவடியிலும் மாலைப்பொழுதிற் சிறுவர் கிரிக்கெட்டும் சடுகுடும் ஆடக் காண்கின்றோம். ரக்பி ஆடுவாரைக் காண்டல் அரிது. இது கட்சிக்குப் பதினைவராக முட்டை வடிவான பந்துகொண்டு ஆடப்படுவது. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். ஆனால், கையால் முன்னோக்கி எறிதல் ஆகாது. பக்கத்தில் அல்லது பின்னால் வருவோர்க்கே வழங்கலாம். பந்தை ஏந்தி ஓடுவானை எதிர்க்கட்சியார் பாய்ந்து பிடித்து வீழ்த்துவர். அவர் பிடிக்குத் தப்பி, அவர்தம் கோட்டுக்கு அப்பாற் பந்தைத் தரையில் ஊன்றுவதே வெற்றிக்கு வழி. அவ்வாறு ஊன்றுதலுக்கு அக்காலத்தில் 3 எண்கள் தந்தனர். நம் சடுகுடு ஆட்டத்திற் பிடிப்போர் கைக்குத் தப்பிக் கோட்டை எட்ட முயலும் ஒருவனது துணிவை நினைத்துக்கொண்டால், இவ்வாட்டத்தின் தன்மை ஒருவாறு விளங்கும்.

இவ்வாட்டம் நம் நாட்டிற்கு முற்றும் அயலானதன்று. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளிற் கல்கத்தாவில் ஆங்கிலேயர் ரக்பி ஆடினர். அதனையடுத்து அங்கு ஒரு கழகமும் கண்டனர். சில ஆண்டுகளில் அக்கழகம் கலைந்தபோது, வங்கியில் எஞ்சிய வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கிண்ணம் செய்வித்தனர். நாகப்பாம்பு வடிவான மூன்று கைப்பிடிகளும், மூடியின்மேல் ஒரு யானையும் உடைய அக்கிண்ணம் கல்கத்தாக் கிண்ணம் என்னும் பெயருடன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பெற்றது. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் தம்முள் ஆடும் ஆட்டத்திற்கு அதுவே பரிசு. இந்திய வெள்ளியால் ஆகிய அக்கிண்ணத்தின்பொருட்டு ஆடினாருள் நம் சரித நாயகரும் ஒருவர்.

எரிக் லிடெல் 1902-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 16-ஆம் நாள் சீன தேசத்துத் தியன்ஸின் நகரிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் டன்லப் லிடெல், தாயார் மேரி. தந்தையார் இலண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த ஊழியர். சேலம், கோயம்புத்தூர், நாகர்கோவில் முதலிய இடங்களில் உழைத்துப் பள்ளிகள் பல நாட்டிய சங்கமும் அதுவே. சீனத்தில் அயலார்க்கு மாறாக எழுந்த பெருங்கலகம் அடங்கிச் சிறிது காலமே கழிந்த நாட்கள் அவை. மிஷன் ஊழியர் பலர் அக்கலகத்தில் உயிரிழந்திருந்தனர். அத்தகைய இடத்திலேதான் அக்குழந்தை தவழ்ந்து வளர்ந்தது.

ஆறு வயதில் எரிக்கும், அவருக்கு மூத்தவராகிய ராபர்ட்டும் இங்கிலாந்தில் மிஷன் ஊழியரின் புதல்வர்க்கென நடைபெற்ற விடுதிப் பள்ளியில் விடப்பட்டனர். பெற்றோர் சீனத்திற்கு மீண்டனர். அதன்பின் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை விடுமுறையில் வரும்போதன்றிப் பெற்றோரைக் காணும் பேறு அச்சிறுவர்க்கு வாய்க்கவில்லை. எல்தம் கல்லூரி எனப் பின்னர்ப் பெயர் பெற்ற அப்பள்ளியிலேயே எரிக்கின் ஆட்டத்திறம் முளைத்தது. மெலிந்த உடலும் கூச்ச இயல்பும் உடைய அச்சிறுவர் சில ஆண்டுகளில் கிரிக்கெட், ரக்பி என்னும் இரண்டிற்கும் பள்ளித் தலைவரானார். ஆயினும், பரிசு பெற்றபோது செருக்கியதும், தோற்றபோது முகம் சுளித்ததும் அவரிடத்து இல்லை என்பது அவருடன் பயின்றார் பலரும் ஒருமுகமாகக் கூறும் செய்தி.

1920-ஆம் ஆண்டு எடின்பரோ சர்வகலாசாலையிற் சேர்ந்து விஞ்ஞானம் பயிலலானார். மறு ஆண்டு சர்வகலாசாலை விளையாட்டு விழாவில், தோழர் வற்புறுத்தலால் ஓட்டத்திற் கலந்துகொண்டார். அன்றே அவர் கால்களின் விரைவு வெளிப்பட்டது. டாம் மக்கெர்ச்சார் என்னும் பயிற்சியாளர் அவரைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். லிடெல் ஓடும் முறை கண்டார் நகைக்கத்தக்கது. தலை பின்னே சாயும், வாய் திறந்திருக்கும், கைகள் காற்றாடியிறகுபோற் சுழலும். பயிற்சியாளர் எவ்வளவு திருத்தியும் அம்முறை முற்றும் மாறவில்லை. ஆனால், எதிரில் ஓடினார்க்கு நகைக்க நேரம் இருந்ததில்லை.

விரைந்த காலுடையானை ரக்பியில் ஓரத்தில் நிறுத்துதல் வழக்கம். நடுவில் நிற்போர் பகைவரைத் தம்மேல் ஈர்த்துக்கொண்டு, பந்தை ஓரத்தானுக்கு வழங்குவர். அவன் எல்லைக் கோட்டை ஒட்டிப் பாய்ந்து செல்வான். லிடெல் இவ்விடத்திற்கென்றே பிறந்தவர்போல் விளங்கினார். சர்வகலாசாலைக் கட்சியில் ஆடியவர் விரைவில் நாட்டுக் கட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1922-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் பாரிஸுக்கு அருகிலுள்ள கொலோம்பு ஆட்டத்திடலில், பிரெஞ்சுக்காரரை எதிர்த்து ஸ்காட்லாந்தின்பொருட்டு முதன்முதல் ஆடினார். அவ்வாட்டம் 3-க்கு 3 எனச் சமமாக முடிந்தது. அத்திடல் பின்னும் ஒருமுறை அவர் வாழ்க்கையில் வரும் என்பதை அன்று யாரும் அறியார்.

1922, 1923 ஆகிய ஈராண்டுகளில் ஸ்காட்லாந்து ஆடிய எட்டு ஆட்டங்களுள் ஏழில் லிடெல் இடம்பெற்றார். நான்கு முறை பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஊன்றினார். அவருக்குப் பக்கத்தில் நின்று பந்தை அவர் கைக்கு வழங்கியவர் லெஸ்லி கிரேஸி என்பார். அவர் நமக்கு அண்மையதாகிய இலங்கையிற் பிறந்தவர். இவ்விருவரும் சேர்ந்து ஆடிய ஆட்டங்களுட் சிறந்தது 1923 பிப்ரவரி 3-ஆம் நாள் கார்டிப் நகரில் நிகழ்ந்தது. அங்கு வேல்ஸ் நாட்டினரை ஸ்காட்லாந்தினர் வென்று முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. அன்று லிடெலும் ஒரு முறை பந்தை ஊன்றினார். ஆட்டம் முடியுந் தறுவாயிற் கிரேஸி புகுந்து ஊன்றிய பந்தால் ஸ்காட்லாந்து 11-க்கு 8 என வென்றது. தோற்ற நாட்டு மக்களே கிரேஸியைத் தோள்மேல் தூக்கிச் சென்றனர் எனின், அவ்வாட்டத்தின் சிறப்பை யாம் விரித்துரைத்தல் வேண்டா. அவ்வாண்டு மார்ச்சு மாதம் கல்கத்தாக் கிண்ணத்தின்பொருட்டு இங்கிலாந்தை எதிர்த்தபோது மட்டும் ஸ்காட்லாந்து 6-க்கு 8 எனத் தோற்றது. லிடெல் நாட்டுக்காக ஆடிய ஏழு ஆட்டங்களுள் தோல்வி அஃது ஒன்றே. அதுவே அவர் நாட்டுக்கென ஆடிய கடைசி ரக்பி ஆட்டமும் ஆயிற்று.

இங்கு ஒன்று கருதத்தக்கது. இக்காலத்தில் ரக்பி ஆடுவோர் பெரும்பொருள் ஈட்டுகின்றனர். லிடெலின் காலத்தில் அவ்வகை ரக்பியிற் காசு பெற்று ஆடுதல் குற்றம். கூலி தொடர்பான பிணக்கினால் 1895-ஆம் ஆண்டிலேயே வட இங்கிலாந்துக் கழகங்கள் பிரிந்து வேறோர் ஆட்டமுறையை வகுத்துக்கொண்டன. பழைய முறையிற் கூலித்தடை 1995-ஆம் ஆண்டிலேதான் நீங்கிற்று. ஆகவே, லிடெல் எலும்பு முறியும் அபாயத்துக்கு அஞ்சாது ஆடியதெல்லாம் ஊதியம் கருதியன்று. ஒலிம்பிக் ஓட்டத்திற்கு ஆயத்தம் செய்தற்பொருட்டு அவ்வாட்டத்தை அவர் விட்டபோது வயது இருபத்தொன்றே. நாடு முழுதும் விரும்பிய இடத்தை அவ்வளவு இளமையில் விட்டு விலகுதல் எளிதன்று; அவர் பின்னர் விட்டவற்றை நோக்க இது சிறிதேயாம்.

1923-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இலண்டனில் நிகழ்ந்த பெரும்போட்டியில் நூறு கெஜ ஓட்டத்தை 9.7 வினாடியில் ஓடிப் பிரிட்டன் நாட்டுக்கே புதிய அளவு நாட்டினார். அதே மாதம் ஸ்டோக் நகரில் 440 கெஜ ஓட்டத்தில், தொடக்கத்திலேயே பக்கத்தில் ஓடியவர் மோத, லிடெல் தரையில் விழுந்தார். மற்றவர் இருபது கெஜத்துக்கு மேல் முந்திச் சென்றுவிட்டனர். எழுந்தவர் ஓடினார், அனைவரையும் பிடித்தார், முதல்வராய் எல்லையைக் கடந்து சோர்ந்து வீழ்ந்தார். நூறு கெஜ வீரர் என்று எண்ணப்பட்டவருக்கு அதனினும் நீண்ட ஓட்டத்திற்கும் உரம் உண்டென்பது அன்று புலனாயிற்று.

1924-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. நூறு மீட்டர் ஓட்டத்திற் பொற்பதக்கம் லிடெலுக்கே என்று நாட்டார் பலர் நம்பியிருந்தனர். ஆனால், அதன் முதற்சுற்றுக்கள் ஜூலை 6-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் அமைந்தன. ஞாயிறு இறைவனுக்குரிய நாள். அன்று பந்தயத்தில் ஓடுதல் தம் மனச்சாட்சிக்கு ஒவ்வாது என அவர் மறுத்தார். 1981-ஆம் ஆண்டில் வெளியாகி உலகெங்கும் புகழ்பெற்ற திரைப்படம் ஒன்று, கப்பலேறும்போதே அவர் இதனை அறிந்ததாகக் காட்டும். உண்மை அதுவன்று. ஓட்ட நிரல் பல மாதங்களுக்கு முன்பே வெளிவந்தது. அப்போதே அவர் தம் முடிவைத் தெரிவித்துவிட்டார். ஆகவே, ஒரு கணத்து உணர்ச்சியால் எழுந்த மறுப்பன்று அது. பல மாதம் ஏச்சும் வற்புறுத்தலும் தாங்கி நின்ற மறுப்பு. நாட்டுப்பற்று இல்லாதவர் என்று இகழ்ந்தாரும் உளர். அவர் யாரோடும் வாதாடவில்லை; தமக்குப் பழக்கம் குறைந்த 400 மீட்டர் ஓட்டத்திற்குப் பயிற்சி செய்யத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை வரும் என்பதற்காக இருவகைத் தொடரோட்டங்களையும் விலக்கினார்.

குறித்த ஞாயிறன்று அவர் பாரிஸிலுள்ள ஸ்காட்லாந்துத் தேவாலயத்திற் பிரசங்கம் செய்தார். மறுநாள் நூறு மீட்டர் ஓட்டத்தில் அவர் நாட்டுத் தோழராகிய ஹரால்ட் ஆபிரகாம்ஸ் பொற்பதக்கம் பெற்றார். 200 மீட்டர் ஓட்டத்தில் லிடெல் மூன்றாமவராய் வந்து வெண்கலம் பெற்றார். ஜூலை 11-ஆம் நாள் 400 மீட்டர் இறுதி ஓட்டம். திடல், அவர் முதன்முதல் நாட்டுக்காக ரக்பி ஆடிய அதே கொலோம்பு. அவருக்குக் கிடைத்ததோ வெளிப்புறத் தடம். அதில் ஓடுவார்க்குப் பின்வருவோர் நிலை தெரியாது. முதல் 200 மீட்டரை அவர் ஓடிய வேகம் கண்டு, இவர் இறுதியில் தளர்ந்துவிடுவார் என்றே அறிந்தோர் எண்ணினர். தலை பின்னே சாய்ந்தது, கால்கள் தளரவில்லை. 47.6 வினாடியில் ஓடி, ஒலிம்பிக்கிற் புதிய அளவு நாட்டிப் பொற்பதக்கம் கொண்டார்.

அம்மாதம் 17-ஆம் நாள் எடின்பரோவிற் பட்டமளிப்பு விழா. விஞ்ஞானப் பட்டம் பெற வந்த லிடெலுக்கு, சர்வகலாசாலைத் தலைவர் சர் ஆல்பிரட் யூயிங் பழைய கிரேக்க முறைப்படி இலைமாலை சூட்டிச் சிறப்பித்தார். மாணவர் அவரை நாற்காலியோடு தோளில் ஏற்றி வீதி வழியே சுமந்து சென்றனர். இருபத்திரண்டு வயதில் ஒருவர்க்கு இதனினும் என்ன வேண்டும்? அப்புகழைக்கொண்டு எத்தொழிலில் இறங்கியிருந்தாலும் செல்வம் வந்து குவிந்திருக்கும். அவரோ சீனத்திற்குச் செல்வதாக முன்னரே உறுதி செய்திருந்தார். ஓராண்டு வேதநூல் பயின்று, ஊர்தோறும் இளைஞரிடை உரையாற்றி, 1925-ஆம் ஆண்டு கோடையில் ஸ்காட்லாந்துப் போட்டியில் மூன்று ஓட்டங்களில் வென்று விடைபெற்று, இரயில் வழியாகச் சைபீரியாவைக் கடந்து தாம் பிறந்த தியன்ஸினுக்கே சென்று சேர்ந்தார்.

அங்கு ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராயினார். பன்னிரண்டு ஆண்டுகள் இரசாயனமும் விளையாட்டும் கற்பித்தார். அந்நகரில் எழுந்த மின்யுவான் விளையாட்டுத் திடலின் அமைப்புக்கு யோசனை கூறித் துணைபுரிந்தார். 1932-இற் குருவாக அபிஷேகம் பெற்றார். 1934-இல் கனடா நாட்டு மிஷன் குடும்பத்தைச் சார்ந்த புளோரன்ஸ் மக்கென்சி அம்மையாரை மணந்தார். பெண்மக்கள் மூவர் பிறந்தனர்.

1937-ஆம் ஆண்டு ஜப்பானியர் சீனத்தின்மேற் படையெடுத்தனர். அக்காலத்திற் கல்லூரியின் வசதிகளை விட்டு, சியாவோசாங் என்னும் சிற்றூருக்குச் செல்ல லிடெல் இசைந்தார். அண்ணன் ராபர்ட் அங்கு மருத்துவமனையிற் பணிபுரிந்துவந்தார். ஒருபுறம் ஜப்பானியப் படை, ஒருபுறம் சீனக் கரந்துறை படையினர், மற்றொருபுறம் கொள்ளையர். இவர்க்கு இடையே மிதிவண்டியிலும் கால்நடையாகவும் ஊரூராகச் சென்று உழவர்க்கு உதவினார். ஒருகால், பாழ்ங்கோயில் ஒன்றிற் குண்டுபட்டுக் கிடந்த ஒருவரை வண்டியில் ஏற்றிவந்தார். வழியில், ஜப்பானிய வாளாற் கழுத்து வெட்டுண்டும் உயிர் போகாது கிடந்த மற்றொருவரையும் ஏற்றிக்கொண்டார். முன்னவர் இறந்தார், பின்னவர் பிழைத்தார். ஓவியராகிய அவர் தமது நன்றியை ஒரு மலரோவியமாக வரைந்து அளித்தார்.

போர் முற்றவே, 1941-இற் கருவுற்றிருந்த மனைவியையும் இரு பெண்மக்களையும் கனடாவுக்குக் கப்பலேற்றிவிட்டு, தாம் பணியில் தங்கினார். மூன்றாம் பெண் அங்கே பிறந்தாள். அவள் முகத்தை அவர் கண்டதில்லை. தொண்டர் வாழ்வைப் புகழ்ந்து பேசும் நாம் இதனை மறத்தல் ஆகாது. அவர் தேர்ந்த வழிக்கு விலை கொடுத்தவர் அவர் மட்டும் அல்லர். அவ்வம்மையாரும் அம்மூன்று குழந்தைகளும் கொடுத்தனர்.

1943 மார்ச்சு மாதம் ஜப்பானியர் அவரை வெய்ஸின் காவல் முகாமில் அடைத்தனர். ஏறத்தாழ 1,500 அயல்நாட்டார் நெருங்கி உறைந்த இடம் அது. உணவு குறைவு, வேலையின்மையாற் பிணக்கு மிகுதி. பெற்றோரைப் பிரிந்த மிஷன் பள்ளிப் பிள்ளைகள் பலர் அங்கிருந்தனர். ஆறு வயதிற் பெற்றோரைப் பிரிந்த லிடெலுக்கு அவர் துயரை யாரும் எடுத்துரைக்க வேண்டியிருந்ததில்லை. சோதனைச்சாலை இல்லாமலே, கருவிகளைத் தாளில் வரைந்து காட்டி அவர்க்கு இரசாயனம் கற்பித்தார். முதியோர்க்குத் தண்ணீரும் கரியும் சுமந்தார். உடைந்த ஹாக்கி மட்டைகளைத் தம் படுக்கைத் துணியைக் கிழித்துக் கட்டினார். மாலைதோறும் பிள்ளைகளை ஆடவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆட்டம் இல்லை என்பது அவர் வகுத்த ஒழுங்கு. சில இளைஞர் அதற்கு இணங்காது, ஒரு ஞாயிறு தாமாகவே ஹாக்கி ஆடினர். நடுவர் இன்மையால் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் தாமே திடலுக்கு வந்து நடுவராக நின்றார். பொற்பதக்கத்தின்பொருட்டு ஞாயிறன்று ஓட மறுத்தவர், சிறைப்பட்ட பிள்ளைகளின்பொருட்டு ஞாயிறன்று ஊதுகுழல் எடுத்தார். இது கொள்கையை விட்டதாகுமா? ஆகாது என்பதே எமது துணிபு. தமக்குப் புகழ் வருமிடத்துத் தம் நெறியை இம்மியும் தளர்த்தாதவர், பிறர்க்கு நன்மை வருமிடத்து அதனைத் தளர்த்தினார். நம்மிற் பலர் செய்வது இதற்கு மாறன்றோ? நமக்கு ஆதாயம் வரும்போது விதிக்கு விலக்குத் தேடுகின்றோம். பிறர் இரந்து நிற்கும்போது விதியைக் காட்டிக் கதவடைக்கின்றோம்.

1944-ஆம் ஆண்டின் இறுதியில் அவருக்குக் கடுந் தலைவலி கண்டது. ஓயா உழைப்பின் சோர்வென்றே பலரும் எண்ணினர். நோய் மூளையில் வளர்ந்த கட்டி. 1945 பிப்ரவரி 21-ஆம் நாள், அன்றும் மனைவியார்க்கு ஒரு கடிதம் எழுதிய பின், நாற்பத்துமூன்றாம் வயதிற் காலமானார். ஆறு மாதம் கழியுமுன், ஆகஸ்டு 17-ஆம் நாள், அமெரிக்க வீரர் வானினின்று குடைமிதவையிற் குதித்து அம்முகாமை விடுவித்தனர். 1991-ஆம் ஆண்டு எடின்பரோ சர்வகலாசாலையார் ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து ஒரு கருங்கல்லைக் கொணர்ந்து அவ்விடத்தில் நினைவுக்கல்லாக நிறுத்தினர்.

மாணவ நண்பர்களே, நம்முள் ஒலிம்பிக் திடலை எட்டுவார் சிலரே. ரக்பிப் பந்தைக் கையால் தொடுவாரும் சிலரே. ஆயினும் ஓட்டத்தில் விழுவோர் நாம் அனைவருமே. விழுந்தவிடத்து எழுந்து ஓடுதலும், வென்றவிடத்துச் செருக்காதிருத்தலும், நம் உறுதியை நம் நலத்துக்காக விற்காதிருத்தலும், பிறர் நலத்துக்காக அதனை நெகிழ்த்த அறிதலும் எத்திடலிலும் பயிலத்தக்கவை. லிடெல் வென்ற பதக்கத்தின் நேர அளவைப் பின்வந்தோர் பலர் கடந்துவிட்டனர். அவர் கிழித்துக் கட்டிய படுக்கைத் துணியின் அளவைக் கடந்தார் எத்துணையர் என்பதே நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.